ஈர்க்குச்சி சொல்லிக்கொடுத்த கழித்தல்

52இல் 17ஐக் கழிக்க, "பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கு" என்றால் ஆவடியில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விழிப்பார்கள். பூந்தமல்லிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் சின்ன வீடியோ போட்டார்: பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகள். ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி 12. அதில் ஏழு எடுத்தால் ஐந்து.

அம்பத்தூர் ஆசிரியர் உடனே கேட்டார்: "டீச்சர், அரும்பு நிலைப் பிள்ளைக்கு?"

"அதே குச்சியை எண்ணட்டும் சார்."

2022 ஜூனில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றலில் மூன்று நிலைகள். ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். 2017இல் வந்த தீக்‌ஷா இணையக் கல்வித் தளமும், 2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் அச்சான க்யூஆர் கோடும் பாடத்தைக் கைபேசிக்குக் கொண்டுவந்தன. ஆனால் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்பது வகுப்பில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பூந்தமல்லி ஆசிரியைக்குத் தனிப் பதவி ஏதுமில்லை. கணக்கில் சிக்கினால் அவரைத்தான் கேட்கிறோம். தமிழ் வாசிப்பென்றால் அம்பத்தூர் சாரை. தலைமை இப்படித்தான் கைமாறுகிறது. குழுவில் இரண்டே கட்டுப்பாடு: காலை வணக்கப் படம் கூடாது; பிள்ளையின் நோட்டைக் காட்டலாம், முகத்தைக் காட்டக் கூடாது.