பல்கீஸ் என்னும் அரசியின் பெயர்

பிறந்த குழந்தைக்கு அழகிய பெயர் சூட்டுவது பெற்றோர் மீதுள்ள கடமைகளுள் ஒன்றாகும். மறுமை நாளில் மக்கள் தத்தம் பெயராலும் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவர். ஆகவே பெயர்களை அழகியவையாக அமைத்துக் கொள்ள வேண்டும் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் இடம் பெற்றுள்ளது. மாறு செய்பவள் எனப் பொருள்படும் 'ஆஸியா' என்ற பெயர் தாங்கிய பெண்மணிக்கு, அழகானவள் எனப் பொருள்படும் 'ஜமீலா' என்ற பெயரை மாற்றிச் சூட்டினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஃபிர்அவ்னின் மனைவியாரான ஆஸியா அம்மையாரின் பெயர் இதுவன்று. அரபியில் எழுத்தும் வேறு, பொருளும் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதால் இதனை இங்கே விளக்க வேண்டியதாயிற்று.

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் பெண் குழந்தை பிறந்த ஏழாம் நாள் நெருங்கியதும், பெயர் கேட்டு ஆலிமை நாடி வருவோர் உண்டு. ஃபாத்திமா, ஆயிஷா, கதீஜா ஆகிய பெயர்கள் குடும்பத்தில் முன்பே இருக்கின்றன. அரச களையுள்ளதாகவும், பலரும் வைக்காததாகவும் ஒரு பெயர் வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அத்தகைய பெயர்களுள் முன்னிற்பது பல்கீஸ் என்பதாகும். பில்கீஸ் என்றும், பேகம், பானு என்ற சொற்களோடு சேர்த்தும் நம் வீடுகளில் இப்பெயர் வழங்கி வருகிறது. வீட்டுக்கு வீடு கேட்கும் பெயரன்று. எனினும் கேட்டவர் எவரும் எளிதில் மறவாத பெயர்.

அரசப் பெயர்கள் ஆகுமா?

அரசரையும் அரசியையும் குறிக்கும் பெயர்களைச் சூட்டலாமா என்ற ஐயம் சிலருக்கு எழுகிறது. அல்லாஹ்விடம் மிகவும் இழிவான பெயர், மனிதன் ஒருவன் தனக்கு 'மன்னாதி மன்னன்' என்று சூட்டிக் கொள்ளும் பெயரே என்னும் கருத்து புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ள நபிமொழியில் காணப்படுகிறது. மன்னர்க்கெல்லாம் மன்னன் அல்லாஹ் ஒருவனே அன்றோ! அவனுக்கே உரிய பட்டத்தை அடியான் சூடுதல் தகாது. ஆனால் மலிக்கா, சுல்தானா போன்ற பெயர்கள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. பல்கீஸ் என்பதோ பட்டமே அன்று. ஓர் அரசியின் இயற்பெயராக வழங்கி வருவது.

திருமறை காட்டும் அரசி

வாசகர்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பல்கீஸ் என்ற பெயர் திருக்குர்ஆனில் எங்கும் இல்லை. பெண்களுள் பெயர் சுட்டிக் கூறப்பட்டவர் மர்யம் (அலை) அவர்கள் ஒருவரே. 'எறும்பு' எனப் பொருள்படும் அந்நம்ல் என்னும் 27ஆம் அத்தியாயம், ஸபா நாட்டு அரசியின் வரலாற்றை விரிவாகக் கூறியும் அவர் பெயரைக் கூறவில்லை. ஷராஹீலின் மகள் பல்கீஸ் என்று விரிவுரையாளர்களே எழுதி வைத்தனர். பைபிளும் அவரை ஸபா அரசி என்றே குறிக்கிறது. எத்தியோப்பியர் மக்கேதா என்கின்றனர்.

பெயரைக் கூறாத திருமறை, அவருடைய பண்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கூறுகிறது. ஹுத்ஹுத் பறவை நபி சுலைமான் (அலை) அவர்களிடம் செய்தி கொண்டு வருகிறது: ஸபாவை ஒரு பெண் ஆள்கிறார், எல்லாச் செல்வமும் அவருக்கு வாய்த்துள்ளது, மகத்தான அரியணையும் உண்டு, ஆயினும் அவரும் அவர் மக்களும் சூரியனை வணங்குகின்றனர். சுலைமான் நபி 'பிஸ்மில்லாஹ்' எனத் தொடங்கும் கடிதத்தை அனுப்புகிறார்கள். அரசி அக்கடிதத்தைக் கிழித்தெறியவில்லை. அது கண்ணியமான கடிதம் என்று சபையோரிடம் அறிவிக்கிறார். அவர்கள் முன்னிலையில் இல்லாமல் தாம் எதையும் முடிவு செய்வதில்லை என்று கூறி ஆலோசனை கேட்கிறார். தங்களிடம் படைபலம் உண்டு, கட்டளை அரசியுடையது என்கின்றனர் பிரதானிகள். படைபலத்தை நம்பி அவர் போரை விரும்பினாரில்லை. மன்னர்கள் ஓர் ஊருக்குள் புகுந்தால் அதனைச் சீரழிப்பார்கள். அங்குள்ள மேன்மக்களைச் சிறுமைப்படுத்துவார்கள் என்று எடுத்துரைக்கிறார். அரியணையில் இருந்தவர், போரினால் எளிய குடிகளுக்கு நேரும் துன்பத்தை உணர்ந்திருந்தார் என்பதை இதனால் அறிகிறோம்.

பரிசுகளை அனுப்பிச் சுலைமான் நபியைச் சோதித்தார்; பரிசுகள் திரும்பி வந்தன. நேரில் சென்றபோது, அவருடைய அரியணையே அங்கு உருமாற்றி வைக்கப்பட்டிருந்தது. உம்முடைய அரியணை இத்தகையதா என்று வினவியபோது, ஆம் என்றோ இல்லை என்றோ துணிந்து கூறாமல், அதனைப் போன்றே இருக்கிறது என்று நிதானமாக விடையளித்தார். பின்னர் கண்ணாடி பதித்த மாளிகையில் நுழைந்தபோது, தரையை நீரெனக் கருதி ஆடையை உயர்த்தினார். அது கண்ணாடி என்று அறிந்ததும் நாணிக் கோபிக்கவில்லை. தமக்குத் தாமே அநீதி இழைத்துக் கொண்டதாக ஒப்புக் கொண்டு, சுலைமானுடன் சேர்ந்து அகிலத்தாரின் இறைவனுக்கு அடிபணிந்தார். சுலைமானுக்கு அடிபணியவில்லை, சுலைமானுடன் சேர்ந்து இறைவனுக்கு அடிபணிந்தார் என்பதே இங்கு நுட்பம். அவருடைய கண்ணியம் அதனால் குறையவில்லை, உயர்ந்தது.

பெயரின் பொருள் யாது?

பல்கீஸ் என்பதற்கு 'அரசி' என்று பெயர்ப் புத்தகங்கள் பொருள் எழுதுகின்றன. அரபு மொழியின் வேர்ச்சொல்லிலிருந்து பெறப்பட்ட பொருளன்று அது. இச்சொல்லின் மூலத்தைக் குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தும் இல்லை. அவர் அரசியாக இருந்தமையால் அப்பெயருக்கு அப்பொருள் வந்தது. சொல் மனிதருக்குச் சிறப்பைத் தரவில்லை. மனிதரே சொல்லுக்குச் சிறப்பைத் தந்தார்.

ஸபாவின் தலைநகரான மஃரிப் யமன் நாட்டில் உள்ளது. அங்குள்ள பழைய கோவில் ஒன்றின் இடிபாடுகளை மக்கள் 'மஹ்ரம் பில்கீஸ்' என்று அழைக்கின்றனர். அந்நகரின் தொன்மைச் சின்னங்களை 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. அதே யமன் நாட்டை ஜிப்லா நகரிலிருந்து ஆண்ட அர்வா அரசி 1138இல் மறைந்தார். பள்ளிவாசல்களில் அவர் பெயரால் குத்பா ஓதப்பட்டது. மக்கள் அவரைச் 'சின்ன பல்கீஸ்' என்று போற்றினர்.

நம் காலத்தில் இப்பெயரைத் தாங்கியவர்களுள் ஒருவர் பில்கீஸ் ஈதி அம்மையார். 1947இல் குஜராத்தின் பாண்ட்வாவில் பிறந்து, கராச்சியில் செவிலியராகப் பணியாற்றினார். கைவிடப்படும் சிசுக்களைக் காக்க, தம் கணவர் அப்துல் சத்தார் ஈதியுடன் சேர்ந்து, அறநிலைய வாயில்களில் தொட்டில்களை வைத்தார். 1986இல் இருவருக்கும் மகசேசே விருது வழங்கப்பட்டது. 2022இல் அவர் மறைந்தார். அரியணை ஏதும் இல்லாமலே அப்பெயருக்கு அவர் பெருமை சேர்த்தார்.

நம் மண்ணின் தொட்டில்

தொட்டில் என்றதும் நம் மண்ணின் நினைவும் வருகிறது. பெண் சிசுக் கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலில் தொடங்கப்பட்டது. மல்லசமுத்திரமும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1997இல்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துக் கூறுவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. அதன் பின்னரும், 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் வினவப்படும் எனத் திருமறையின் 81ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை அன்றைய அரபு மக்களுக்கு மட்டும் உரியதன்று.

இத்தகைய மண்ணில், பிறந்த மகளுக்கு ஓர் அரசியின் பெயரைச் சூட்டுவது சிறந்த செயலே. ஆனால் பெயரோடு கடமை முடிந்து விடுமா? சபையோரைக் கலந்து முடிவெடுத்தவரின் பெயரை மகளுக்குச் சூட்டிவிட்டு, அவளுடைய நிகாஹ் குறித்து அவளிடம் ஒரு சொல் கேளாமலிருப்பது முறையாகுமா? கன்னிப் பெண்ணிடமும் அனுமதி பெற வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விதித்துள்ளார்கள். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற பெண்மணி, விருப்பமின்றித் தந்தை செய்து வைத்த திருமணத்தைக் குறித்து முறையிட்டபோது, அத்திருமணத்தையே ரத்துச் செய்தார்கள். பெற்றோர் விட்டுச் செல்லும் சொத்தில், அது குறைவாயினும் அதிகமாயினும், பெண்களுக்குப் பங்குண்டு என்று நான்காம் அத்தியாயம் விதிக்கிறது. வரதட்சணையாகக் கொடுத்தாயிற்று என்று கூறி அப்பங்கை மறுப்போர், மகளுக்கு என்ன பெயரிட்டிருந்தாலும் அவளைச் சிறுமைப்படுத்தியவரே ஆவர்.

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடப்பதை இப்பகுதியினர் நன்கறிவர். மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எவரும் விலை கூறுவதில்லை. பருத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தே கூறுகின்றனர். பெயரும் அத்தகையதே. பல்கீஸ் என்று பெயரிட்டவர்கள், மகளைக் கல்வியாலும் நல்லொழுக்கத்தாலும் வளர்த்து, அவள் கருத்தைக் கேட்டு, அவள் உரிமையைக் கொடுத்தால், அப்பெயருக்கு நம் ஊரிலும் ஒரு பொருள் ஏற்படும்.

நம் பெண் மக்களை ஈருலகிலும் கண்ணியம் பெற்றோராக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.