ஜேன் ஆஸ்டின் கதையில் ஸாம்பி: ஐடியா ஹிட்... ஆனா புத்தகம் ஏன் போரடிக்குது?

ஒரு ஜோக்கை முதல் தடவை கேட்டால் சிரிப்போம். அதே ஜோக்கை 300 பக்கத்துக்கு இழுத்தால்? 2009-ல் அமெரிக்காவில் வெளியான ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் அண்ட் ஸாம்பீஸ்’ நாவலில் நடந்தது அதுதான்.

1813-ல் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ பலருக்கும் தெரிந்த கதை. எலிசபெத்துக்கும் மிஸ்டர் டார்சிக்கும் முதலில் மோதல், கடைசியில் கல்யாணம். அந்த நாவலை அப்படியே எடுத்து, நடுநடுவே ஸாம்பிகளை இறக்கிவிட்டார் சேத் கிரஹாம்-ஸ்மித். அட்டையில் ஆசிரியர் பெயர் இரண்டு: ஒன்று அவருடையது, இன்னொன்று 1817-லேயே இறந்துபோன ஆஸ்டினுடையது!

ஐடியா அவருடையது இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் ‘குயர்க் புக்ஸ்’ பதிப்பக எடிட்டர் ஜேசன் ரெக்குலாக், ஒரு பக்கம் நிஞ்ஜா, கடற்கொள்ளையர், ஸாம்பி என்று லிஸ்ட் போட்டார். இன்னொரு பக்கம் காப்புரிமை முடிந்த பழைய நாவல்கள். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டு இணைத்துப் பார்த்தபோது கிடைத்ததுதான் இந்தத் தலைப்பு. பழைய நாவல் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ராயல்டியும் கிடையாது. புத்தகத்தில் சுமார் 85 சதவீதம் ஆஸ்டின் எழுதியதுதான்.

10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. உடனே மற்றவர்களும் வரிசை கட்டினார்கள். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி அண்ட் ஸீ மான்ஸ்டர்ஸ்’, ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க் அண்ட் மம்மீஸ்’, ‘ஆண்ட்ராய்ட் கரேனினா’, ‘ஜேன் ஸ்லேயர்’ என 2010-க்குள் இது ஒரு தனி ஜானராகவே ஆகிவிட்டது. தலைப்பைப் படித்தாலே முக்கால்வாசி ஜோக் முடிந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

முதல் 50 பக்கம் ஓகே... அப்புறம்?

ஆரம்பம் நிஜமாகவே ஜாலிதான். பென்னட் சகோதரிகள் சீனாவில் ஷாவோலின் பயிற்சி எடுத்தவர்கள். நடன விருந்துக்கு நடுவில் ஸாம்பிகள் புகுந்தால், ஆளுக்கொரு கத்தியோடு வேலையை முடித்துவிடுகிறார்கள். ஒரிஜினலில் அந்தச் சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு ராணுவப் படை வந்து முகாம் போட்டிருக்கும். ஸாம்பியைச் சமாளிக்க வந்த படை என்று சொன்னதும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதற்குப் பிறகு ஒரே டெம்ப்ளேட். பேச்சு, ஸாம்பி, வெட்டு, மறுபடி பேச்சு. டார்சி முதல் முறை காதலைச் சொல்லும் காட்சியில் எலிசபெத் அவரை எட்டி உதைக்கிறாள். ஒரிஜினலில் அவள் பேசும் பேச்சே உதையை விட பலமானது. ஏற்கெனவே சண்டையாக இருக்கும் வசனத்துக்கு மேலே இன்னொரு சண்டையை ஒட்டியதும், இரண்டுமே எடுபடாமல் போகிறது.

இதைவிட பெரிய இழப்பு சார்லட் விஷயத்தில். எலிசபெத்தின் தோழி, 27 வயது, சொத்து இல்லை. அசட்டு மிஸ்டர் காலின்ஸ் வந்து கேட்டதும் சரி என்கிறாள். காதல் எல்லாம் இல்லை, ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். ஸாம்பி வெர்ஷனில் அவளுக்கு ஏற்கெனவே தொற்று வந்துவிட்டது, கொஞ்ச காலம்தான் பாக்கி, அதனால் கல்யாணம். மனைவி மெல்ல மெல்ல ஸாம்பியாக மாறுவது காலின்ஸுக்கு ரொம்ப நாள் தெரியாது. புத்தகத்தின் பெஸ்ட் காமெடி இதுதான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு பெண்ணை அந்தக் கல்யாணத்துக்குள் தள்ளிய காரணம் பணம் இல்லாமை என்பது காணாமல் போய், வியாதி என்று ஆகிவிட்டது. பயமுறுத்த வேண்டிய இடத்தில் பயம் குறைந்துவிட்டது.

‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யிலும் இதே கதை. நமக்கு ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படமாக அறிமுகமான நாவல். புது வெர்ஷனில் அப்பாவைச் சுறா தின்கிறது, கர்னல் பிராண்டன் முகத்தில் ஆக்டோபஸ் மாதிரி கரங்கள் முளைத்திருக்கின்றன. ஆனால் ஒரிஜினலின் 2-ம் அத்தியாயத்தில், தங்கைகளுக்கு 3,000 பவுண்ட் தருவதாக நினைக்கும் அண்ணனை அவன் மனைவி பேசிப் பேசியே கரைக்கிறாள். 1,500 ஆகிறது, பிறகு அவ்வப்போது 50 ஆகிறது, கடைசியில் மீனும் வேட்டைக் கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. எந்தச் சுறாவும் இவ்வளவு நிதானமாகக் கடிக்காது.

2016-ல் ஸாம்பி நாவல் படமாகவும் வந்தது. லில்லி ஜேம்ஸ் நடித்தும் ஓடவில்லை. பட்ஜெட் சுமார் 2.8 கோடி டாலர், உலக வசூல் சுமார் 1.6 கோடி டாலர்தான்.

ஆஸ்டினே செய்த ஹாரர் காமெடி

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாரர் கதையைக் கலாய்க்கும் நாவலை ஆஸ்டினே எழுதியிருக்கிறார். ‘நார்த்தாங்கர் ஆபி’. 1803-ல் வெறும் 10 பவுண்டுக்கு விற்றார், வாங்கிய பதிப்பாளர் அச்சிடவே இல்லை. 1816-ல் அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். புத்தகமாக வந்தது அவர் இறந்த பிறகு.

கதாநாயகி கேத்தரினுக்கு 17 வயது, பேய்க் கதைப் பைத்தியம். ஒரு பழைய மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறாள். நள்ளிரவு, புயல், அலமாரிக்குள் சுருட்டி வைத்த காகிதம், சட்டென்று அணையும் மெழுகுவர்த்தி. பயந்து நடுங்கி, விடிந்ததும் எடுத்துப் பார்த்தால் அது சலவைக் கணக்கு! வீட்டுக்கார ஜெனரல் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்றும் சந்தேகப்படுகிறாள். அதுவும் தப்பு.

ஆனால் அந்த ஜெனரல் நல்லவர் இல்லை. கேத்தரின் பணக்கார வீட்டுப் பெண் இல்லை என்று தெரிந்ததும், காரணம் கூடச் சொல்லாமல் மறுநாள் காலையிலேயே அவளை வீட்டை விட்டு அனுப்புகிறார். 70 மைல் தூரம், துணைக்கு ஒரு வேலைக்காரர் கூட இல்லை. அவளிடம் வண்டிக்குக் கொடுக்கப் பணமாவது இருக்கிறதா என்று கிளம்பும்போது கேட்பது ஜெனரலின் மகள் எலினார் மட்டும்தான்.