துணியில் தைத்த வீடு!

எனக்குத் தெரிந்த ஒரே தையல் வேலை, சட்டைக்குப் பட்டன் தைப்பது. பி.காம். படித்தபோது ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது. நான் தைத்த பட்டன், பஸ் ஏறி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஆசாமி எம்பிராய்டரி பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள் சார், விஷயம் கொஞ்சம் கனமானது.

போலந்தில் ம்னிஷெக் என்று ஒரு கிராமம். அங்கே பிறந்த யூதப் பெண் எஸ்தர் நிசென்தால் கிரினிட்ஸ். 1942 அக்டோபரில் நாஜிகளின் உத்தரவு வந்தது. யூதர்கள் எல்லோரும் ஊரைக் காலி செய்துவிட்டு ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். எஸ்தருக்கு அப்போது 15 வயது. போக மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள். தங்கை மானியாவை மட்டும் கூட்டிக்கொண்டு வேறு பக்கம் நடந்தாள். அப்பா, அம்மா, தம்பி, இரண்டு குட்டித் தங்கைகள்... யாரையும் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

அக்காவும் தங்கையும் பெயரை மாற்றிக்கொண்டு, கத்தோலிக்கக் குடியானவப் பெண்களாக நடித்து உயிர் பிழைத்தார்கள். 1949-ல் எஸ்தர் அமெரிக்கா போனார். கல்யாணம், இரண்டு பெண்கள், தையல் தொழில். ஓவியம் கற்றதில்லை. ஆனால் 1977-ல், 50 வயதில், தான் பிறந்த வீட்டை மகள்களுக்குக் காட்ட ஆசை வந்தது. துணியை வெட்டி வைத்து, நூலால் நிரப்பி, அந்த வீட்டைத் தைத்தே காட்டிவிட்டார்.

என் காமர்ஸ் மூளை கணக்குப் போட்டது. 35 வருஷம்! கூரையும் ஜன்னலும் தலைக்குள்ளேயே 'கேரி ஃபார்வர்டு' ஆகிக்கொண்டே வந்திருக்கின்றன.

2001-ல் இறப்பதற்குள் 36 படங்கள். பலவற்றில் கதையையும் நூலாலேயே எழுதியிருக்கிறார். ஒன்றில் தாத்தாவின் தாடியை சிப்பாய் வெட்டுகிறான். இன்னொன்றில் தோட்டத்து வேலையில் இருக்கும் எஸ்தரிடம் இரண்டு சிப்பாய்கள் பேச்சுக் கொடுக்கிறார்கள். அவர்கள் பேசுவது புரிகிறது. புரிந்ததாகக் காட்டினால் தொலைந்தாள்! அந்த நேரம் பார்த்துத் தேனீக்கள் மொய்க்க, சிப்பாய்கள் ஓட்டம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடும்பம் பிரிகிற அந்தக் காலையின் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

எங்கள் வீட்டிலும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. எஸ்தர் இழந்ததற்கு முன்னால் அது தூசு. கிராமத்து வீடு, நான் பிறப்பதற்கு முன்பே கடனில் போனது. பேச்செடுத்தால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனில் இந்தப் படங்களைக் காட்டினேன். "தையல் என்னமா பொடிப்பொடியா போட்டிருக்காங்க!" என்றாள்.

"நம்ம ஊர் வீட்டுல கெணறு எந்தப் பக்கம்மா இருந்துச்சு?"

"எதுக்குடா இப்ப அதெல்லாம்?"

கேட்டாளே தவிர, ரவிக்கைத் துணியைத் திருப்பிப் போட்டு சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள். "இது திண்ணை. உங்கப்பா இங்கதான் படுப்பாரு..."

கிணற்றுக்கு வந்து சேர மணி மூன்றாகிவிட்டது. சாதம் ஆறிப்போயிருந்தது.