பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்குப் பாதுகாவலர் ஆணை ஏன் தேவை?

ஈப்போ, குனோங் ராபாட் வட்டாரத்தில் “இவன் பாட்டி வளர்ப்பு” என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில், பெற்றோர் பிரிந்தாலோ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாலோ பிள்ளை பாட்டியிடம் வளர்வது பழகிப்போன ஏற்பாடு.

குடும்பத்தில் வளர்வதே பிள்ளைக்கு நல்லது என்கிறது ஆய்வும். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவை உறவினர் வீடுகள்கூட அல்ல. ஆனாலும் அங்கு வளர்ந்தவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினர். காப்பகங்களின் அக்கறையைக் குறை சொல்வதற்கில்லை. முறை மாறி வரும் பணியாளர்களில், குழந்தைக்குத் ‘தன் ஆள்’ என்று ஒருவர் அமைவது கடினம்.

பாட்டி வீட்டில் அந்தக் குறை இல்லை; அவர் கையில் பத்திரம்தான் இல்லை. பள்ளிப் பதிவு, 12 வயதில் மைகார்டு, அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்து என்று வரும்போது “அப்பா அம்மா எங்கே?” என்று கேட்பார்கள்.

முஸ்லிம் அல்லாதோர் 1961-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். தத்தெடுப்பு வேறு. நீதிமன்றம் தத்து ஆணை தந்தால் பெற்றவர்களின் சட்ட உரிமை அற்றுவிடும். மகன் திரும்பி வருவான் என்று காத்திருக்கும் பாட்டிக்கு அது பொருந்தாது.

வசதி குறைந்தோர் சட்ட உதவி இலாகாவை நாடலாம். பெற்றோரின் சம்மதம் இருந்தால் மனு எளிதாகும். அவர்களின் கைப்பேசி எண் மாறுவதற்குள் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.