நாவலரின் அச்சுக்கூடம்



ஜவ்வாது மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாய் இருந்தபோது, ஒரு நாள் நான்காம் வகுப்பில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். “எங்கள் ஊருக்கு மேற்கே எரி இருக்கிறது” என்று ஒரு சிறுவன் வாசித்தான். “ஏரி என்று வாசி” என்றேன். அவன் புத்தகத்தை என் முன் நீட்டி, “எரின்னுதான் ஐயா போட்டிருக்குது” என்றான். உண்மைதான். அப்பயிற்சி நூலை அச்சிட்டவர்கள் ஏகாரத்தை எகரமாக்கி விட்டிருந்தனர். ஏரி இன்னதென்று அறியாதவன் அல்லன் அச்சிறுவன். ஆயினும், தான் கண்ணால் கண்டதைவிட அச்சில் கண்டதே மெய் என்று கொண்டான். வீட்டில் எழுத்தறிந்தவர் எவரும் இல்லாத பிள்ளைக்கு, அச்செழுத்தை மறுத்துரைப்பவர் யார்? அன்று மாலை பிள்ளைகளைக் கொண்டே ஒவ்வொரு படியிலும் அந்த எகரத்தின் காலைப் பேனாவால் கீழே இழுத்துவிடச் செய்தேன்.

அச்சிடுவோனுக்கு உள்ள பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதை அன்று உணர்ந்தேன். அப்பொறுப்பைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒருவரைப் பற்றியே இன்று உங்களிடம் பேசப்போகிறேன். அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். அவரைச் சமயப் பேச்சாளராகவும் உரைநடை ஆசிரியராகவும் நீங்கள் படித்திருப்பீர்கள். அச்சுக்கூடம் நடத்திய நாவலரை அவ்வளவாக யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிறந்தவர் அவர். பீட்டர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய மெதடிஸ்த பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பேர்சிவல், விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவரைத் துணைக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சைவராகவே இருந்துகொண்டு கிறித்தவ வேதத்தின் தமிழைச் செப்பனிட்ட அந்த ஆண்டுகளில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. பள்ளி, பிரசங்கம், அச்சுப் புத்தகம் என்னும் மூன்றும் சேர்ந்தால் ஒரு சமயத்தை ஊர்தோறும் கொண்டுசேர்க்க இயலும் என்பதே அது. பாதிரிமார் கையாண்ட கருவியை அவர்களிடமே கற்று, தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி ஒன்று வந்ததும் அதற்குப் புத்தகம் வேண்டியதாயிற்று. புத்தகம் எங்கே இருந்தது? ஏட்டில் இருந்தது.

இங்கே சற்று நின்று, ஏட்டெழுத்தின் இயல்பைக் கூறவேண்டும். பனையோலையில் எழுத்தாணியால் கீறும்போது புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும். ஆதலால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் ஒன்றுபோலவே நிற்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. கால் எழுத்தும் ரகரமும் ஓர் உருவாகவே தோன்றும். எரியா, ஏரியா என்பதை ஏடு சொல்லாது. இடம் நோக்கிப் படிப்பவரே துணிதல் வேண்டும். நிறுத்தக்குறியும் இல்லை, செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். போதாக்குறைக்குச் செல்லரித்த இடங்கள் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டுக்குக் குறி வகுத்தபோதிலும், பழைய ஏடுகள் பழையபடியே இருந்தன. ஏட்டில் நேர்ந்த பிழை அந்த ஏட்டோடும், அதைப் பார்த்து எழுதிய சிலவற்றோடும் நிற்கும். அச்சில் நேர்ந்தால் ஆயிரம் வீட்டில் அதுவே பாடமாகிவிடும்.

1849இல் நாவலர் தமிழகம் வந்தார். வரும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்து ‘நாவலர்’ என்னும் பட்டம் பெற்றார். சென்னையில் சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிட்டுக்கொண்டு, அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையில் அதை நிறுவி, வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டார். பின்னர்ச் சென்னையில் தங்கசாலைத் தெருவிலும் அப்பெயரால் அச்சுக்கூடம் நடந்தது.

ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கூடத்தை உங்களில் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். அச்சுக்கோப்பவர், அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியின் முன் நின்று, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்குவார். எழுத்துக்கள் இடவல மாறிக் கண்ணாடியில் காண்பதுபோல் இருக்கும். ஆங்கிலத்துக்குச் சில அறைகள் போதும்; தமிழிலோ உகர ஊகார வரிசைகளுக்கெல்லாம் தனித்தனி அச்சு வேண்டும். கை ஓர் அறை தவறினால் சொல் மாறிவிடும். கோத்ததை ஒருமுறை தாளில் ஒற்றியெடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். இதனைப் புரூப் பார்த்தல் என்பர். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தவரும், பிழை திருத்தியவரும், அச்சுக்கூடத்துக்கு உரியவரும் நாவலர் ஒருவராகவே இருந்தமையால், பிழைக்குப் பொறுப்பை வேறொருவர்மீது சுமத்த அவருக்கு வழியில்லை. நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்று புலவர்கள் நம்பி வாங்கியதற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

அவர் செய்த மற்றொன்றும் ஆசிரியனாகிய எனக்கு மிகவும் உகந்தது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகியவற்றைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காக இட்டு அச்சிட்டார். சிறுவர்க்குப் பாலபாடங்களும் இலக்கணச் சுருக்கமும் எழுதினார். 1852இல் பெரியபுராணத்தை உரைநடையாக்கி வெளியிட்டார். விருத்தத்தைக் கண்டு அஞ்சியவனும் அடியார் வரலாற்றைத் தானே படிக்கலானான்.

அச்சுத்தொழிலுக்குப் பொருள் வேண்டாமா? ஸ்காட்லாந்தில் புத்தக வணிகர் ஆண்ட்ரோ மில்லரும் எடின்பரோ வணிகர் வால்ட்டர் செப்மனும் 1507இல் மன்னர் நான்காம் ஜேம்ஸிடம் உரிமைப் பட்டயம் பெற்று அந்நாட்டின் முதல் அச்சுக்கூடத்தைத் தொடங்கினர். அங்கே அரசு துணை நின்றது. நாவலருக்கோ மடங்களும் தமிழ் வள்ளல்களும் துணை. இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் உதவியால் 1861இல் திருக்குறள் பரிமேலழகருரை வெளிவந்தது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சேனாவரையத்தை வெளியிட்டபோது, அதனைப் பார்வையிட்டுத் திருத்தித் தந்தவரும் நாவலரே.

ஒன்றை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நாவலர் சாதி வேறுபாட்டை மறுத்தவர் அல்லர். அதனைச் சைவ ஒழுக்கத்தின் ஒரு கூறாகவே கொண்டிருந்தார். என் மலைப் பிள்ளைகள் அக்காலத்தில் அவர் பள்ளிக்குச் சென்றிருந்தால் இடம் கிடைத்திருக்குமா? கிடைத்திராது என்றே நினைக்கிறேன். அவருடைய இலக்கணச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு அப்பிள்ளைகளுக்குப் புணர்ச்சி விதி சொல்லிக்கொடுத்தபோதெல்லாம் இந்த எண்ணம் எனக்கு வந்ததுண்டு. ஏடு, உடையவன் காட்டினால்தான் பிறர் காணலாம். அச்சிட்ட நூலோ, வாங்குபவன் யார் என்று கேட்பதில்லை.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் நாவலர் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், அவருக்கு மக்கள் இல்லை. அவருடன் 1849இல் இயந்திரம் வாங்கக் கடல் கடந்து வந்த மாணாக்கர் சதாசிவப் பிள்ளை, அதன்பின் அச்சுக்கூடத்தை நடத்தி, ஆசிரியரின் நூல்களை மீண்டும் மீண்டும் பதிப்பித்துவந்தார்.