பயங்கரமான பின்னல்காரர்கள்!

"பயங்கரமாகப் பாடுகிறான்" என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், பாட்டுக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. பிரமாதமாகப் பாடுகிறான் என்றே பொருள். வட இங்கிலாந்திலும் இப்படி ஒரு பேச்சு வழக்கு இருந்தது. அங்கே டென்ட் என்ற மலைக் கிராமத்தாருக்கு, "பயங்கரமான பின்னல்காரர்கள்" என்று பெயர். அவர்கள் பின்னியவை கம்பளிக் காலுறைகள்.

ஆண், பெண், குழந்தை என்ற வித்தியாசம் கிடையாது. வழி நடக்கும்போதுகூடக் கை சும்மா இராது. இடுப்பில் ஒரு மரக் குச்சியைச் செருகி, அதன் துளையில் வலக்கை ஊசியைப் பொருத்திக்கொள்வார்கள். ஊசியின் பாரம் குச்சிக்கு, வேகம் விரலுக்கு! அந்தக் குச்சியைச் சித்திர வேலையுடன் செதுக்கிக் காதலிக்குக் கொடுப்பது வாலிபர்களின் வழக்கம்.

கணப்பைச் சுற்றி

குளிர்கால இரவுகளில் அண்டை வீட்டார் ஒரே வீட்டில் கூடுவார்கள். ஒரு கணப்பு, ஒரு விளக்கு. பலருக்கும் செலவு மிச்சம். நன்றாகப் படிக்கத் தெரிந்த பெண் 'ராபின்ஸன் குரூஸோ'வை வாசிப்பாள். அப்போதும் அவள் ஊசி நிற்காது. டென்டில் 1785-ல் பிறந்த பூகர்ப்ப சாஸ்திரி ஆடம் செட்ஜ்விக் இக்காட்சியை எழுதி வைத்திருக்கிறார்.

காலுறையில் கடினமான இடம் குதிகால். குழாயாக வந்த பின்னலை, பாதி வரிசையில் திரும்பித் திரும்பிப் பின்னினால்தான் கிண்ணம் போல் குழியும். இதை வாயால் விளக்குவது கஷ்டம். பக்கத்தில் இருப்பவரின் விரலைப் பார்த்தால் சட்டென்று விளங்கிவிடும்.

இரண்டு சிறுமிகள்

ஆனால் கதை முழுவதும் இனிப்பல்ல. 18-ஆம் நூற்றாண்டில் லாங்டேல் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு சகோதரிகள் பின்னல் கற்க டென்டுக்கு அனுப்பப்பட்டனர். மூத்தவள் பெட்டிக்கு 7 வயது. இளையவளுக்கு 6 நிறையவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றுக்குச் சுற்று பின்னினார்கள். வித்தை வந்தது, வீட்டு ஏக்கம் போகவில்லை. ஒரு குளிர்காலத்தில், யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார்கள். சுமார் 30 மைல் வழி! வழியில் நல்ல மனம் படைத்தவர்கள் அளித்த உணவும் இடமுமே துணை. கடைசியில் ஓர் இரவில் தாய் தந்தையரிடம் வந்து சேர்ந்தார்கள். பெட்டி முதுமையில் சொன்ன இந்த வரலாறு, ஆஸ்தான கவி ராபர்ட் ஸதேயின் 'தி டாக்டர்' நூலில் இடம் பெற்றது.

சாயம் சொல்லும் பாடம்

யந்திரங்கள் வந்து டென்டின் தொழிலை விழுங்கின. கலை மட்டும் பிழைத்தது. இன்று பல நாடுகளில் பொழுதுபோக்காகக் காலுறை பின்னுகிறார்கள். கையால் சாயமிட்ட நூலுக்குத் தனி மோகம். நம் சாயவேரும் அவுரியும் போல, அங்கே மஞ்சிட்டி இன வேர் சிவப்புக்கு, அவுரி நீலத்துக்கு. வேர்ச் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும்.

கைச் சாயத்தில் ஒரு சிட்டம் போல் மறு சிட்டம் அமையாது. அதற்குப் பழகிய கைகள் சொல்லும் யுக்தி இது: இரண்டு சிட்டங்களையும் வைத்துக்கொண்டு, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மாற்றிப் பின்னினால், நிற பேதம் கண்ணுக்குத் தெரியாது.

இந்த யுக்திகளும் வட்டமாக உட்கார்ந்துதான் பரவுகின்றன. அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே வித்தியாசம்: அலுத்துப்போனால் இன்று ஊசியைக் கீழே வைத்துவிடலாம். அந்தச் சின்னஞ்சிறு சகோதரிகளுக்கு அந்தப் பாக்கியம் இருக்கவில்லை!