புகழின் வாசலில் விலக்கப்பட்டவர்

'மத்தளத்துக்கு இருபுறமும் இடி' என்பது நம்மவர் பழமொழி. மத்தளத்துக்கு மட்டுமன்று, சில வேளைகளில் அதனை வாசிப்பவருக்கும் அது பொருந்திவிடுகிறது. மேல்நாட்டு ரொக் இசை வரலாற்றில் இதற்குச் சான்றாக நிற்பவர் ஒருவர் உண்டு. அவர் பிறந்த ஊர் நமக்கு அயலூரன்று. சென்னைப் பட்டினமே அது.

பீட்டில்ஸ் என்னும் பெயரைக் கேளாத மாணவர் அரியர். ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் நால்வரும் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே தோன்றி, உலகத்து இளைஞர் உள்ளங்களையெல்லாம் கொள்ளைகொண்டவர்கள். ஆயின், லண்டன் ஈ.எம்.ஐ. நிறுவனம் அவர்களுடைய முதல் இசைத்தட்டை வெளியிடுவதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பு வரை, டிரம்ஸ் வாத்தியத்தின் பின்னே அமர்ந்திருந்தவர் ரிங்கோ அல்லர். பீட் பெஸ்ட் என்னும் இருபது வயது இளைஞரே அங்கிருந்தார். இரண்டு ஆண்டுகள் உடனிருந்து உழைத்தவரைப் புகழின் வாசற்படியிலே ஏன் விலக்கினர்? இவ்வினாவுக்கு விடை காண்பது இசைப் பிரியர்களுக்கு மட்டுமன்று, பலர் கூடிச் செய்யும் எத்தொழிலில் ஈடுபடுவோர்க்கும் பயன் தருவதாகும்.

சென்னையிலிருந்து லிவர்பூலுக்கு

பீட் பெஸ்ட் 1941ஆம் ஆண்டு நவெம்பர் 24ஆம் நாள் சென்னையிலே பிறந்தார். அவருடைய தாயார் மோனா டில்லியிலே பிறந்தவர். பீட்டின் தந்தையார் கப்பற் பொறியியலாளர். இரண்டாம் உலக யுத்த காலத்திலே காலமானார். பின்னர் மோனா, லிவர்பூலைச் சேர்ந்த ஜோனி பெஸ்ட் என்னும் இராணுவ அதிகாரியை மணந்தார். 1945ஆம் ஆண்டின் இறுதியில் இக்குடும்பம் பம்பாயிலிருந்து கப்பலேறி லிவர்பூலைச் சென்றடைந்தது.

துறைமுகப் பட்டினத்தின் இயல்பைத் திருகோணமலையில் வாழும் நமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த துறை இது. கப்பல் சரக்கை மட்டும் கொண்டுவருவதில்லை. பிறநாட்டுப் பேச்சையும் பழக்கத்தையும் பாட்டையும் உடன்கொண்டு வருகிறது. லிவர்பூலும் அத்தகைய பட்டினமே. அமெரிக்கப் பாட்டுகளைக் கேட்டு, கிற்றாரும் கையுமாகத் தெருவுக்குத் தெரு இளைஞர் குழுக்கள் அங்கே முளைத்திருந்த காலம் அது.

மோனா துணிச்சல் மிக்க பெண்மணி. தமது பெரிய வீட்டின் நிலவறையையே இளைஞர் கூடும் கோப்பிச்சாலையாக மாற்றி, 'கஸ்பா' எனப் பெயரிட்டு, 1959 ஓகஸ்ட் 29ஆம் நாள் திறந்துவைத்தார். அன்று அங்கே பாடியவர்கள் லெனனும் மக்கார்ட்னியும் ஹரிசனுமே. அந்நாளிலே அவர்களுடைய குழுவுக்குப் பெயர் வேறு. நிலவறைச் சுவருக்கு வண்ணம் பூசுவதிலும் அவர்கள் கைகொடுத்தனர். பீட்டில்ஸ் வரலாற்றிலே பெஸ்ட் குடும்பம் இடையிலே வந்து ஒட்டிக்கொண்டதன்று என்பதை வாசகர்கள் இங்கே மனங்கொள்ள வேண்டும்.

ஹம்பேர்க் நகரத்து இரவுகள்

1960 ஓகஸ்டில் ஜெர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து குழுவுக்கு அழைப்பு வந்தது. போவதற்கு டிரம்ஸ் வாசிப்பவர் இல்லை. முன்னர் சிலர் வந்தனர், போயினர், எவரும் நிலைக்கவில்லை. பீட்டிடம் சொந்தமாக வாத்தியம் இருந்தது. வாசிக்கும் பழக்கமும் இருந்தது. அவரைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டனர். அவர்கள் முதன்முதல் வாசித்த விடுதியின் பெயர் 'இந்திரா' என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

இரவு தோறும் நான்கு, ஐந்து மணி நேரம், சில நாட்களில் அதற்கு மேலும் வாசிக்க வேண்டும். மாலுமிகளும் குடிகாரரும் இரைச்சலிடும் கூடம். அங்கே நுணுக்கம் எடுபடாது. ஓங்கி அடித்தலே வேண்டும். பீட் அவ்வாறே ஓங்கி அடித்தார். அவ்வடியின் வலிமையிலே குழுவின் பாட்டுக்கு ஓர் எழுச்சி பிறந்தது. லிவர்பூலுக்கு மீண்டபோது, பழைய குழுவா இது என்று கேட்டோர் வியந்தனர். முகாமையாளர் எவரும் இல்லாதிருந்த அந்நாட்களில், கச்சேரிகளுக்கு நாள் குறித்து, கூலி பேசி ஒழுங்கு செய்தவர்களும் பீட்டும் அவர் தாயாருமே.

1961 நவெம்பர் 9ஆம் நாள், இசைத்தட்டுக் கடை நடத்திய பிறையன் எப்ஸ்டைன் என்பவர் இக்குழுவைக் 'கவேர்ன்' என்னும் நிலவறை மண்டபத்திலே கண்டார். சில வாரங்களில் அவர்களுக்கு முகாமையாளரானார். 1962 ஜனவரி முதல் நாள் டெக்கா நிறுவனம் குழுவினரைப் பரீட்சித்துப் பார்த்துக் கைவிட்டது. அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் கதவைத் திறந்தது. அங்கேதான் பீட்டின் விதியும் திரும்பிற்று.

தவிலும் மிருதங்கமும்

கோயில் வீதியிலே சுவாமி உலா வரும்போது முழங்கும் தவிலை நினைத்துப் பாருங்கள். அந்த முழக்கம் வெட்டவெளிக்கு உரியது. அதனையே ஒரு சிறு அறைக்குள்ளே, வீணைக்குப் பக்கத்தில் வாசித்தால் செவி தாங்குமா? அறைக்குள்ளே மிருதங்கந்தான் இணங்கும். ஒலிப்பதிவுக் கூடமும் அத்தகையதே. மேடையின் ஆரவாரத்திலே மறைந்துபோகும் சிறு பிசகைக்கூட ஒலிவாங்கி பிடித்து வைத்துக்கொள்கிறது. மேடைப் பிழை காற்றோடு போகும். இசைத்தட்டுப் பிழையோ கேட்குந்தோறும் திரும்பத் திரும்ப வரும்.

அன்று நான்கு பாடல்கள் பதிவாயின. அவற்றுள் ஒன்று 'லவ் மீ டூ'. அந்தப் பதிவு 1995ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பாட்டின் நடுவே தாளத்தின் நடை மாறுவதையும் அதனாற் காலப்பிரமாணம் நிலைகுலைவதையும் இன்று எவரும் கேட்டறியலாம். இசைத் தயாரிப்பாளரான ஜோர்ஜ் மார்ட்டின் எப்ஸ்டைனை அழைத்து, இசைத்தட்டுப் பதிவுக்குத் தாமே வேறொரு டிரம்ஸ் கலைஞரைக் கொண்டுவரப் போவதாகத் தெரிவித்தார். லண்டனிலே அந்நாளில் இது வழக்கமான ஏற்பாடு. நம் கச்சேரிகளிலே ஒரு பாடகருக்கு இன்று ஒருவரும் நாளை வேறொருவரும் மிருதங்கம் வாசிப்பதில்லையா? அதனை எவரும் அவமானமாகக் கொள்வதில்லை. ஆயின் ரொக் இசைக்குழு ஒரு கூட்டுக் குடும்பம் போன்றது. அங்கே ஒருவரை மாற்றுதல் பக்கவாத்தியத்தை மாற்றுதலன்று. உடன்பிறந்தானை வீட்டை விட்டு அனுப்புதலை ஒக்கும்.

விலக்கியதன் காரணம் என்ன?

மார்ட்டினின் சொல்லே முழுக் காரணம் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் கேட்டது ஒலிப்பதிவுக்கு மட்டும் வேறொருவரையே. குழுவிலிருந்து பீட்டை நீக்கும்படி அவர் சொல்லவில்லை. பீட்டின் தோற்றப் பொலிவு குழுவுக்கு ஓர் ஆதாயம் என்றே தாம் எண்ணியதாக அவர் பின்னர் எழுதியும் இருக்கிறார்.

பீட்டின் அழகைக் கண்டு பொறாமைகொண்டனர் என்பது லிவர்பூல் இரசிகைகளின் கட்சி. கூட்டத்திலே பெண்களின் கண்கள் அவரையே நாடின என்பது உண்மை. எனினும் பொறாமை ஒன்றே இத்தகைய பெரிய முடிவுக்குப் போதுமானது என்று கொள்வதற்கில்லை. மோனாவின் அதிகாரம் எப்ஸ்டைனுக்கு ஒவ்வவில்லை என்போரும் உண்டு. அதிலும் சிறிது உண்மை இருத்தல் கூடும்.

இவற்றினும் ஆழமானது மனப்பொருத்தமின்மை. ஏனைய மூவரும் ஓயாது பேசிச் சிரிப்பவர்கள். பீட் அதிகம் பேசாதவர். அவர்கள் ஒருங்கே தலைமயிரை நெற்றியில் விழுமாறு சீவிக்கொண்டபோது, அவர் தம் பழைய பாணியிலேயே நின்றார். வாசிக்கும் வேளையில் உடனிருப்பார். வாசித்து முடிந்தபின் தனியே போய்விடுவார். இது குற்றமன்று, குணபேதம். மறுபுறத்தில், வேறொரு லிவர்பூல் குழுவிலே வாசித்துவந்த ரிங்கோ ஸ்டாரை அவர்கள் ஹம்பேர்க்கிலே சந்தித்து நட்புக்கொண்டிருந்தனர். பீட் நோயுற்ற சில நாட்களில் ரிங்கோ வந்து வாசித்தபோது, இசையும் மனமும் ஒருசேர இசைவதை உணர்ந்தனர். அவரைக் கொண்டுவர வேண்டுமென முனைந்து நின்றவர்களுள் தாமும் ஒருவர் என ஹரிசன் பிற்காலத்திலே ஒப்புக்கொண்டார்.

ஆகவே, ஒலிப்பதிவுக் கூடத்துத் தீர்ப்பு ஒரு நிமித்தமே. கனிந்திருந்த பழம் காற்றடித்த அன்று விழுந்தது.

சொல்லிய முறை

1962 ஓகஸ்ட் 16ஆம் நாள் எப்ஸ்டைன் தம் அலுவலகத்துக்குப் பீட்டை அழைத்து, குழுவினர் அவரை விலக்கி ரிங்கோவை ஏற்க முடிவு செய்துவிட்டனர் என்றார். முந்திய இரவு வரை பீட் அவர்களோடு கவேர்ன் மண்டபத்திலே வாசித்திருந்தார். ஈராண்டு ஒரே அறையில் உறங்கி, ஒரே வண்டியிலே பயணஞ்செய்த நண்பர் மூவருள் ஒருவரேனும் அங்கே வரவில்லை. தாங்கள் கோழைகளைப் போல நடந்துகொண்டதாக லெனன் பின்னாளிலே கூறியது, இச்செயலுக்கு அவர்களே வழங்கிய தீர்ப்பு என்று கொள்ளலாம்.

இரசிகர்கள் கொதித்தனர். பீட்டே வேண்டும், ரிங்கோ வேண்டாம் என்று கவேர்ன் மண்டபத்திலே கூச்சலிட்டனர். கைகலப்பில் ஹரிசனுக்குக் கண்ணருகே வீக்கமும் ஏற்பட்டது. இதைவிட வேடிக்கை பின்னரே நிகழ்ந்தது. செப்டெம்பர் 4ஆம் நாள் ரிங்கோ ஒலிப்பதிவுக்குச் சென்றார். ஒரு வாரங் கழித்து மீண்டும் சென்றபோது, அவருடைய ஆசனத்திலே அண்டி வைட் என்னும் லண்டன் கலைஞர் அமர்ந்திருந்தார். 'லவ் மீ டூ' பாடலில் ரிங்கோவுக்குக் கிடைத்தது சிறு கஞ்சிரா போன்ற தம்பூரின் மட்டுமே! பீட்டுக்கு நேர்ந்ததே ரிங்கோவுக்கும் நேர்ந்தது. ஆயினும் அவரை நண்பர்கள் கைவிடவில்லை. 1964இல் ரிங்கோ நோயுற்று, ஒரு பிரயாணத்துக்கு வேறொருவரை அமர்த்த நேர்ந்தபோது, ரிங்கோ இல்லாமல் தாமும் போவதில்லை என்று ஹரிசன் முரண்டினார். இரு வேறு டிரம்ஸ் கலைஞருக்கிடையே இருந்த வேறுபாடு கைத்திறனில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதன் பின்னர்

'லவ் மீ டூ' 1962 ஒக்டோபர் 5ஆம் நாள் வெளிவந்து, இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் 17ஆம் இடத்தை எட்டியது. 1964 பெப்ரவரியில் அவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தோன்றியபோது 7 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். பீட் வேறு குழுக்களில் வாசித்தார், எதுவும் கைகூடவில்லை. வானொலியைத் திறந்தாலும் பத்திரிகையைப் புரட்டினாலும் பழைய நண்பர்களே. மனமுடைந்து வாழ்வையே வெறுத்த வேளையில், தாயாரும் தம்பியும் அவரைக் காத்தனர்.

சில காலம் பாண் தொழிற்சாலையிலே சுமை ஏற்றினார். பின்னர் அரசாங்க உத்தியோகத்திலே சேர்ந்து, லிவர்பூலிலே வேலையற்றோருக்கு வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். ஒருநாட் காலையிலே காரணம் அறியாது தொழிலை இழந்து நிற்பவனின் மனத்தை அவரைக் காட்டிலும் நன்கு உணர்ந்த உத்தியோகத்தர் வேறு எவர் இருந்திருக்க முடியும்! 1988இல் மீண்டும் மேடையேறினார். 1995இல் பீட்டில்ஸ் குழுவின் பழைய ஒலிப்பதிவுகள் வெளியானபோது, அவர் வாசித்தவையும் இடம்பெற்றன. அவற்றுக்குரிய பங்குத் தொகையும் அவரை வந்தடைந்தது. 2011இல் லிவர்பூலில் ஒரு வீதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2025இல், தம் 83ஆம் வயதில், மேடையிலிருந்து ஓய்வு பெற்றார்.

மாணவ நண்பர்களே! விளையாட்டுக் குழுவாயினும், நாடக மன்றமாயினும், ஒருவரை மாற்றியே தீர வேண்டிய நிலை வருவதுண்டு. மாற்றுவது தவறென்று நாம் சொல்லவில்லை. பீட்டில்ஸ் குழுவின் இசைக்கு அம்மாற்றம் நன்மையே செய்தது. ஆயின், உடனுழைத்தவனுக்கு உண்மையைச் சொல்லும் கடமையை இன்னொருவர் தலையிலே சுமத்திவிட்டு ஒளிந்துகொள்வது முறையன்று. ஜூன் மாதத்திலே அவர்கள் பீட்டை அழைத்து, உன் தாளம் ஒலிப்பதிவுக்குப் போதவில்லை என்று நேரே சொல்லியிருந்தால், அவர் திருந்த முயன்றிருக்கலாம். இயலாவிடின் மதிப்போடு விலகியிருக்கலாம். அந்தப் பத்து வாரங்களை அவரிடமிருந்து மறைத்ததே அவர்கள் செய்த அநீதி. உங்கள் கூட்டத்திலும் எவரேனும் ஒருவர் அவ்வாறு ஒன்றும் அறியாது வாசித்துக்கொண்டிருப்பாராயின், இன்றே போய் அவரோடு பேசுங்கள்.